ஐந்து வருடம் என்றால் எந்த ஐந்து வருடம்? சிஐஎஸ்எஸ்பி அனுபவக் கணக்கு, தெரியாதவர்களுக்காக

நீலகிரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு தகவல் பாதுகாப்பு வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய பேர். கோத்தகிரியில் உட்கார்ந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடைக்கானல் பக்கமும் அப்படித்தான். நானும் அந்த வேலையில் இருப்பதால் என்னிடம் கேள்வி கேட்டு வருகிறார்கள். அதில் பாதி, பாடத்தைப் பற்றியதே கிடையாது, சிஐஎஸ்எஸ்பி (CISSP) என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்கு வேண்டிய அனுபவத்தைப் பற்றியது. "அண்ணா, சிஐஎஸ்எஸ்பி எழுத அஞ்சு வருஷ அனுபவம் வேணுமாமே, நமக்கு ஏது?" என்று ஒருவர் கேட்பார். அவர் ஒரு தங்கும் விடுதியில் ஆறு வருடமாக சிஸ்டம் அட்மின். இன்னொருவர் அஞ்சு வருடம் ஹெல்ப் டெஸ்க்கில் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தவர், "எனக்குத்தான் அனுபவம் முடிஞ்சுதே, பரீட்சை பாஸ் பண்ணினா போதும்" என்று நிம்மதியாக இருப்பார்.

முதலாமவருக்கு அவர் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. இரண்டாமவருக்கு அவர் நினைப்பதைவிடக் குறைவு. பதவிப் பெயரையும் மொத்த வருடத்தையும் வைத்தே எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பார்ப்பது வேறு. அவர்கள் எதை, எப்படி எண்ணுகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நான் பெரும்பாலும் சிஐஎஸ்எஸ்பியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் அதில்தான் அதிகம். அது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

## கல்லட்டி இறக்கத்தில் வண்டி ஓட்டுவது

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோடு தெரியும்தானே, 36 கொண்டை ஊசி வளைவு. நேற்று லைசென்ஸ் வாங்கிய ஒரு பையன் டிராவல்ஸ் ஓனரிடம் போய் வேலை கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டில் எட்டுப் போட்டு பாஸ் ஆனது உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் போக ஓனர் சாவியைக் கொடுத்துவிட மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். எத்தனை வருஷம் ஓட்டின? எந்த ரோட்டில் ஓட்டின? யார்கிட்ட ஓட்டின, அவரைக் கேட்டா சொல்வாரா?

மூன்றும் தனித்தனிக் கேள்வி. பத்து வருடம் வண்டியிலேயே இருந்தேன், ஆனால் கிளீனராக என்றால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். கோயம்புத்தூர் பைபாஸில் அஞ்சு வருடம் ஓட்டியவருக்கு வருடம் இருக்கிறது, ரோடு இல்லை. ரோடும் வருடமும் இருந்து, கேட்டால் ஆமாம் என்று சொல்ல ஆளில்லை என்றால் ஓனர் யோசிப்பார்.

சிஐஎஸ்எஸ்பி கேட்பதும் இந்த மூன்றுதான்: எவ்வளவு காலம், என்ன மாதிரி வேலை, யார் உறுதி சொல்வார்கள். பரீட்சை என்பது லைசென்ஸ் டெஸ்ட் மட்டுமே. இனி இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

## பரீட்சை வேறு, சான்றிதழ் வேறு

சிஐஎஸ்எஸ்பியை நடத்துவது ஐஎஸ்சி2 என்ற அமைப்பு. அதன் பரீட்சையை எழுத அனுபவமே தேவையில்லை. ஆமாம், திரும்பப் படியுங்கள். கல்லூரி இறுதியாண்டு மாணவர்கூட பணம் கட்டிப் பதிவு செய்து எழுதலாம், 1000க்கு 700 எடுத்தால் பாஸ். ஆனால் பாஸ் ஆனதும் அவர் சிஐஎஸ்எஸ்பி ஆகிவிட மாட்டார். பாஸ் ஆன பிறகு ஒரு விண்ணப்பம் போட வேண்டும், அதில் அனுபவத்தைக் காட்ட வேண்டும், அது சரி என்று ஒருவர் உறுதி சொல்ல வேண்டும், அது ஏற்கப்பட்டு, வருடக் கட்டணமும் கட்டினால்தான் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த விண்ணப்பத்துக்கும் கெடு உண்டு, பாஸ் ஆன நாளிலிருந்து 9 மாதம். பாஸ் ஆன சந்தோஷத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

ஆக, "அஞ்சு வருஷம் ஆனாத்தான் எழுத முடியும்" என்பதும் தப்பு, "எழுதி பாஸ் ஆனா சிஐஎஸ்எஸ்பி" என்பதும் தப்பு.

## என்ன மாதிரி வேலை: எட்டு டொமைன்

தகவல் பாதுகாப்பு என்ற பெரிய பாடத்தை ஐஎஸ்சி2 எட்டுப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பகுதிக்கு டொமைன் என்று பெயர். உங்கள் ஐந்து வருட வேலை இவற்றில் குறைந்தது இரண்டு டொமைன்களில் விழ வேண்டும். எட்டிலும் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். எட்டையும் படிக்க வேண்டியது பரீட்சைக்கு, அனுபவத்துக்கு இரண்டு போதும்.

எட்டும் என்ன? பாதுகாப்புக் கொள்கையும் இடர் மேலாண்மையும் முதலாவது. தகவல் சொத்துகளின் பாதுகாப்பு, அதாவது எந்தத் தகவல் எவ்வளவு முக்கியம், எங்கே வைப்பது, எப்போது அழிப்பது என்பது இரண்டாவது. பாதுகாப்பான கட்டமைப்பை வடிவமைப்பது மூன்றாவது, நெட்வொர்க் பாதுகாப்பு நான்காவது. யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்பதைக் கையாளும் அடையாள, அணுகல் மேலாண்மை ஐந்தாவது. ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது ஆறாவது. அன்றாடக் கண்காணிப்பு, பேக்கப், சம்பவம் நடந்தால் சமாளிப்பது எல்லாம் சேர்ந்த பாதுகாப்பு இயக்கம் ஏழாவது. மென்பொருளை எழுதும்போதே பாதுகாப்பாக எழுதுவது எட்டாவது.

இந்தப் பட்டியலில் பதவிப் பெயர் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? உங்கள் அடையாள அட்டையில் "செக்யூரிட்டி" என்ற வார்த்தை இருக்க வேண்டும் என்று கட்டாயமே கிடையாது. தகவல் பாதுகாப்பு அறிவு தேவைப்படுகிற வேலையா, அந்த அறிவை நேரடியாகப் பயன்படுத்தினீர்களா என்பதுதான் கேள்வி.

## விடுதி சிஸ்டம் அட்மினை எடுத்துக்கொள்வோம்

நம் ஊரில் அதிகம் பேர் செய்கிற கம்ப்யூட்டர் வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். விடுதி, தனியார் பள்ளி, மருத்துவமனை, டீ பேக்டரி அலுவலகம், எதுவாக இருந்தாலும் ஒரு சிஸ்டம் அட்மின் இருப்பார், அவரே எல்லாம் செய்வார். எல்லாம் என்றால் உண்மையிலேயே எல்லாம். ரிசப்ஷன் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அவர், ரூமில் டிவி வரவில்லை என்றால் அவர், மரம் விழுந்து கேபிள் அறுந்தால் போன் போட்டு ஆள் வரவழைப்பதும் அவர்.

இந்த வேலைகள் அனுபவத்தில் சேராது. டோனர் மாற்றியது, விண்டோஸ் திரும்பப் போட்டது, கேமராவுக்கு ஒயர் இழுத்தது, எதுவும் சேராது. இதில் மனம் உடைய வேண்டாம், அதே ஆள் அதே வாரத்தில் வேறு என்ன செய்தார் என்று பார்ப்போம்.

விருந்தினர் வைஃபையையும் பில்லிங் கம்ப்யூட்டர்களையும் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்து வைத்தார், ஃபயர்வாலில் எதை விடுவது எதைத் தடுப்பது என்று விதி எழுதினார். அது நெட்வொர்க் பாதுகாப்பு, நான்காவது டொமைன். புதிதாகச் சேர்ந்த ரிசப்ஷன் பெண்ணுக்குத் தனிக் கணக்கு கொடுத்து, பில்லைத் திருத்தும் உரிமையை மட்டும் மேனேஜருக்கு வைத்து, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடினார். ஐந்தாவது டொமைன். தினமும் பேக்கப் எடுத்து, மாதம் ஒருமுறை அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்து, சர்வர் லாக்கை (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவை) பார்த்து, ஒரு நாள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தபோது அந்த கம்ப்யூட்டரைத் தனிமைப்படுத்தி, எங்கிருந்து வந்தது என்று தேடினார். ஏழாவது.

அப்புறம் ஆதார் நகல்கள். அறைக்கு வருகிற ஒவ்வொருவரின் ஆதாரையும் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள், வெளிநாட்டவர் தங்கினால் பாஸ்போர்ட், விசா விவரம் சேர்த்து 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அந்த நகல்கள் எந்த ஃபோல்டரில், யார் கண்ணில் படும்படி, எத்தனை நாள் இருக்கலாம், எப்போது அழிப்பது என்று ஒருவர் முடிவு செய்து நடத்தினால் அது இரண்டாவது டொமைன். (பல இடங்களில் அப்படி யாரும் முடிவு செய்வதில்லை, ஸ்கேனர் பக்கத்து கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பிலேயே ஆயிரக்கணக்கில் கிடக்கும். அதை ஒழுங்குபடுத்தப் போகிறவர் நீங்களாக இருந்தால் ஊருக்கும் நல்லது, உங்கள் விண்ணப்பத்துக்கும் நல்லது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. பட்டியலிட்ட வகைச் சம்பவம் நடந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், கணினி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. இதைப் படித்துப் பார்த்து, நம் இடத்தில் லாக் எங்கே போகிறது, 180 நாளுக்கு டிஸ்க் போதுமா, சம்பவம் நடந்தால் யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு பக்கம் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியவர், முதல் டொமைனிலும் ஏழாவது டொமைனிலும் காலை வைத்துவிட்டார். இதற்கு யாரும் அவரை "செக்யூரிட்டி அனலிஸ்ட்" என்று அழைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நேர்மையாக ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து நாள் டிவியும் பிரிண்டரும், ஒரு மணி நேரம் ஃபயர்வால் என்றால், அந்த மாதத்தை முழு மாதப் பாதுகாப்பு வேலையாக எழுதக் கூடாது. ஹெல்ப் டெஸ்க்கில் அஞ்சு வருடம் இருந்தவரின் சிக்கல் இதுதான். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தது மட்டும் வேலை என்றால் கஷ்டம். யாருக்கு என்ன அணுகல் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, தேவையில்லாததை எடுத்தது அவர் பொறுப்பு என்றால் அது வேறு கதை. அதே இருக்கை, அதே பதவிதான், செய்த வேலையில்தான் வித்தியாசம்.

இதுவரை: பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், செய்த வேலையைப் பாருங்கள், அது எந்த டொமைனில் விழுகிறது என்று பாருங்கள். இரண்டு டொமைன் போதும்.

## எவ்வளவு காலம்: மாதக் கணக்கும் மணிக் கணக்கும்

ஐந்து வருடம் என்பது தொடர்ச்சியாக ஐந்து வருடம் இல்லை. மூன்று இடத்தில் துண்டு துண்டாகப் பார்த்ததையும் கூட்டிக்கொள்ளலாம். இடையில் ஒரு வருடம் வீட்டில் இருந்தாலும் முன்னால் பார்த்த வேலை அழிந்துபோகாது.

முழுநேர வேலை மாதம் மாதமாக எண்ணப்படும். வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம், அப்படி நான்கு வாரம் பார்த்தால் ஒரு மாத அனுபவம். சீசனில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் வாரம் 70 மணி நேரம் வேலை பார்த்தேன், அதனால் நான்கு மாதம் என்று எழுத முடியாது. இரண்டு மாதம் இரண்டு மாதம்தான்.

பகுதிநேர வேலையும் சேரும், இது பலருக்குத் தெரியாது. ஆனால் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 34க்கு மேல் போனால் அது முழுநேரக் கணக்கு. 1040 மணி நேரப் பகுதிநேர வேலை ஆறு மாத முழுநேர அனுபவத்துக்குச் சமம், 2080 மணி நேரம் பன்னிரண்டு மாதத்துக்குச் சமம். குன்னூரில் ஒரு பள்ளியில் வாரம் 20 மணி நேரம் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர் வருடம் முழுக்க 52 வாரமும் பார்த்தால் 1040 மணி, அதாவது ஆறு மாதம். இரண்டு வருடம் பார்த்தால் ஒரு வருட அனுபவம். வாரம் 12 மணி நேரம் மட்டும் போய் வருகிறவருக்கு, வருத்தம்தான், இந்த வழியில் எதுவும் சேராது.

இன்டர்ன்ஷிப்பும் சேரும், சம்பளம் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் உறுதிக் கடிதம் வேண்டும். கல்லூரியிலேயே செய்த இன்டர்ன்ஷிப் என்றால் கல்லூரிப் பதிவாளரின் லெட்டர்ஹெட்டில் வாங்கலாம். கடைசி செமஸ்டரில் ஒப்புக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கி பைலில் சொருகி வைக்கிறார்களே, அது போதாது. என்ன செய்தீர்கள், எப்போதிலிருந்து எப்போது வரை என்பது அதில் இருக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு பழைய கம்ப்யூட்டரை வைத்துப் போட்ட லேப், ஆன்லைனில் தீர்த்த பயிற்சிப் புதிர்கள், யூடியூபில் பார்த்த பாடம், இதெல்லாம் அறிவுக்கு நல்லது. அனுபவ மாதமாக மாறாது. எங்கிருந்து வேலை பார்த்தீர்கள் என்பது மட்டும் ஒரு பொருட்டே இல்லை. கொடைக்கானல் வீட்டிலிருந்து பார்த்த மாதமும் சென்னை அலுவலகத்தில் பார்த்த மாதமும் ஒரே மாதம்.

## ஒரு வருடத் தள்ளுபடி

ஐந்தில் ஒரு வருடத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம் அல்லது அதை ஒட்டிய படிப்பில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம் இருந்தால் ஒரு வருடம் குறையும். அல்லது ஐஎஸ்சி2 ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள வேறொரு சான்றிதழ் இருந்தால் ஒரு வருடம் குறையும்.

"அல்லது" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பட்டமும் இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது, முதுநிலையும் முடித்திருக்கிறேன் என்றாலும் மொத்தம் குறைவது ஒரே ஒரு வருடம்தான். மூன்று வருடம் கழித்துவிட்டு இரண்டு வருட அனுபவத்தோடு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கோச்சிங் சென்டரில் சொல்லிக் கொடுத்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படியெல்லாம் கிடையாது, எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நான்கு வருடம் நீங்கள் காட்டித்தான் ஆக வேண்டும். எந்தெந்தச் சான்றிதழ் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் நண்பர் சொன்னதை நம்பாமல் விண்ணப்பிக்கும் சமயத்தில் ஐஎஸ்சி2 தளத்திலேயே பாருங்கள்.

## அனுபவம் போதவில்லை, ஆனால் பாஸ் ஆகிவிட்டேன்

அதற்கு ஐஎஸ்சி2 வைத்திருக்கும் நிலைக்குப் பெயர் அசோசியேட். பரீட்சை பாஸ், அனுபவம் பாக்கி என்று அர்த்தம். சிஐஎஸ்எஸ்பி எழுதி அசோசியேட் ஆனவருக்கு அனுபவத்தைச் சேர்க்க ஆறு வருடம் கொடுக்கிறார்கள். அதற்குள் சேர்த்துவிட்டால் மறுபடி பரீட்சை எழுத வேண்டாம், விண்ணப்பித்தால் போதும். அந்த ஆறு வருடமும் வருடக் கட்டணம் கட்ட வேண்டும், வருடத்துக்கு 15 சிபிஇ சேர்க்க வேண்டும். சிபிஇ என்பது தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கான புள்ளி, பொதுவாக ஒரு மணி நேரக் கல்விக்கு ஒன்று. முழு சிஐஎஸ்எஸ்பி ஆன பிறகும் இது விடாது, மூன்று வருடத்துக்கு 120.

அசோசியேட் ஆனவர்கள் ரெஸ்யூமேயில் "சிஐஎஸ்எஸ்பி அசோசியேட்" என்று போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். போடக் கூடாது. "ஐஎஸ்சி2 அசோசியேட்" என்றுதான் போடலாம், முழுச் சான்றிதழ் வரும்வரை அந்த ஐந்து எழுத்துகள் உங்களுடையவை கிடையாது.

இது நல்ல வழியா? என் கருத்து, இரண்டு மூன்று வருட அனுபவம் கையில் இருந்து, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றால் நல்ல வழி. பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறவருக்கு, ஆறு வருடத்தில் ஐந்து வருடம் சேர்க்க வேண்டும் என்றால் முதல் வேலை கிடைக்கவே ஒரு வருடம் ஆனால் மூச்சு முட்டும். பட்டம் இருந்தால் நான்கு வருடம் போதும், அப்போது கொஞ்சம் இடம் கிடைக்கும். அப்படியும், முதல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் இதைப் பார்த்து அசந்துபோவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## யார் உறுதி சொல்வார்கள்

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். எண்டார்ஸ்மென்ட் என்பது, ஏற்கெனவே ஐஎஸ்சி2 சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்து, இவர் சொல்லும் அனுபவம் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று உறுதி கொடுப்பது. நம் மலையில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால் கனவை விட்டுவிட வேண்டாம், தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் ஐஎஸ்சி2 தானே எண்டார்ஸ் செய்யும். அப்போது ஆதாரக் காகிதங்களை நீங்கள் நேரடியாக அவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கும். முகம் தெரியாத ஒருவரை இணையத்தில் பிடித்து, பணம் கொடுத்து உறுதி வாங்குவதற்கு அவசியமே இல்லை.

எண்டார்ஸ்மென்ட்டோடு விஷயம் முடிவதும் இல்லை. விண்ணப்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து ஆடிட் செய்வார்கள், அதாவது நீங்கள் எழுதியதற்கெல்லாம் ஆதாரம் கேட்பார்கள். அப்போதுதான் நம் ஊர் நடைமுறை காலை வாரும்.

சின்ன இடங்களில் சம்பளம் கையில் கொடுப்பார்கள், ஆஃபர் லெட்டர் இருக்காது, வேலையை விடும்போது ரிலீவிங் லெட்டர் கேட்டால் "எதுக்குப்பா அதெல்லாம், போன் பண்ணச் சொல்லு, நான் சொல்றேன்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். மூன்று வருடம் கழித்து அந்த மேனேஜர் அங்கே இருக்க மாட்டார், சில சமயம் அந்த விடுதியே கைமாறிப் பெயர் மாறியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி நல்ல இரண்டு வருடத்தைக் காட்ட முடியாமல் தவித்தார்.

அதனால் வேலையில் இருக்கும்போதே லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். சேர்ந்த தேதி, முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன பொறுப்பு, கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் பதவியும். பொறுப்புகளை நீங்களே எழுதிக் கொடுங்கள், மேனேஜர் "கம்ப்யூட்டர் வேலைகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். "விருந்தினர் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்துப் பராமரித்தல், பயனர் கணக்குகளுக்கு அனுமதி வழங்கலும் நீக்கலும், பேக்கப் எடுத்து மீட்டுப் பார்த்தல்" என்று இருந்தால் அதைப் படிக்கிறவருக்கு டொமைன் தானாகத் தெரியும். ஆங்கிலத்திலேயே வாங்குங்கள், பின்னால் மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டாம்.

சம்பளச் சீட்டு, படிவம் 16, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிஎஃப் பிடிக்கிற இடம் என்றால் பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயரும் மாதமும் இருக்கும், தேதியைக் காட்ட அது நன்றாக உதவும். பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடங்களுக்கு பிஎஃப் சட்டம் பொருந்தும், அதனால் மிகச் சின்ன இடங்களில் இது இருக்காது, அங்கே கடிதம்தான் எல்லாம்.

பணம் கொடுத்தால் மூன்று வருட அனுபவக் கடிதம் அடித்துக் கொடுக்கும் ஆட்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், அங்கே போகவே போகாதீர்கள். விண்ணப்பிக்கும்போது ஐஎஸ்சி2 நெறிமுறைக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்கிறீர்கள், பொய் என்று தெரிந்தால் சான்றிதழ் போய்விடும். பாதுகாப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பழைய வேலையைத் துருவிப் பார்க்கிற வழக்கம் மற்ற வேலைகளைவிட அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுருக்கிச் சொன்னால், காலமும் டொமைனும் உங்களிடம் இருக்கலாம், காகிதம் இல்லை என்றால் அவை இல்லாத மாதிரிதான்.

## மற்ற சான்றிதழ்கள் என்ன கேட்கின்றன

ஒவ்வொன்றும் தன் வழியில் எண்ணும், ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இசாகா அமைப்பு நடத்தும் சிசா, தகவல் அமைப்புகளைத் தணிக்கை செய்கிறவர்களுக்கானது. அதற்கும் ஐந்து வருடம், ஆனால் படிப்பு முதலானவற்றுக்காக அதிகபட்சம் மூன்று வருடம்வரை குறைத்துக்கொள்ள இடம் உண்டு. அங்கேயும் பரீட்சையை முதலில் எழுதலாம், பாஸ் ஆன ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், காட்டுகிற அனுபவம் விண்ணப்பத்துக்கு முந்தைய 10 வருடத்துக்குள் இருக்க வேண்டும். அதே அமைப்பின் சிசம், பாதுகாப்பை நிர்வகிக்கிறவர்களுக்கு, ஃபயர்வாலை நீங்களே தட்டிக்கொண்டிருந்த வருடங்களை மட்டும் வைத்து அங்கே போக முடியாது.

காம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழுக்கு அனுபவம் கட்டாயம் இல்லை. இரண்டு வருடம் இருந்தால் நல்லது என்று போட்டிருப்பார்கள், அது பரிந்துரை. பரிந்துரையையும் நிபந்தனையையும் ஒன்றாகப் படித்துவிட்டு பின்வாங்கியவர்கள் எத்தனையோ பேர். சிஇஎச் என்ற ஹேக்கிங் சோதனைச் சான்றிதழில், அதை நடத்துகிறவர்கள் அங்கீகரித்த பயிற்சி எடுத்தால் நேராக எழுதலாம், எடுக்காமல் எழுத இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். அதே வகையைச் சேர்ந்த ஓஎஸ்சிபிக்கு அனுபவ நிபந்தனையே இல்லை, பரீட்சையே அனுபவம் மாதிரி: 23 மணி 45 நிமிடத்துக்குள், தேர்வுக்கென அமைத்த கணினிகளுக்குள் ஊடுருவிக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு அறிக்கை எழுத 24 மணி நேரம். வீட்டிலிருந்தே எழுதுவது அது, அதனால் கூடலூரில் ஜூலை மழையில் தேதி எடுக்காதீர்கள், கரண்ட்டும் நெட்டும் ஒன்றுசேர்ந்து போகும்.

ஐஎஸ்சி2விலேயே எஸ்எஸ்சிபி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு வருடம் போதும், ஒரே டொமைனிலும் இருக்கலாம். சிசி என்ற தொடக்கநிலைச் சான்றிதழுக்கு அனுபவமே வேண்டாம். மேலே சொன்ன விடுதி சிஸ்டம் அட்மின் என்னிடம் கேட்டால், இப்போதைக்கு எஸ்எஸ்சிபியை எடுத்துக்கொண்டு, கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சிஐஎஸ்எஸ்பிக்கு மாதத்தை எண்ணிக்கொண்டிருங்கள் என்பேன். நேற்று கல்லூரி முடித்தவரிடம், சிசியில் தொடங்குங்கள், அசோசியேட் கதையெல்லாம் இரண்டு வருடம் கழித்துப் பேசலாம் என்பேன்.

## இந்த வாரம் செய்யக்கூடியது

ஒரு எக்செல் ஷீட்டைத் திறங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. எந்த இடம், வாரம் எத்தனை மணி, பாதுகாப்பு சம்பந்தமாக என்ன செய்தேன், எந்த டொமைன், ஆதாரம் என்ன. பழைய வேலைகளையும் நினைவுக்கு வருகிறவரை பின்னோக்கி நிரப்புங்கள், பழைய மெயிலையும் வாட்ஸ்அப்பையும் தேடினால் தேதி கிடைக்கும். ஆனால் கம்பெனியின் ரகசிய ஆவணம், நெட்வொர்க் வரைபடம், பாஸ்வேர்டு பட்டியல் எதையும் "ஆதாரம்" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், பாதுகாப்புச் சான்றிதழுக்காகப் பாதுகாப்பை மீறினால் எப்படி. உங்களுக்கு வேண்டியது என்ன செய்தீர்கள் என்ற விவரம் மட்டும்தான்.

நிரப்பி முடித்ததும் ஆதாரம் என்ற கட்டத்தில் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் பாருங்கள். அந்த இடங்களுக்குப் போன் போடுங்கள், உங்களைத் தெரிந்த ஆள் இன்னும் அங்கே இருக்கும்போதே போடுங்கள்.

அப்புறம், சிஐஎஸ்எஸ்பியை வீட்டிலிருந்து எழுத முடியாது, மலையிறங்கித் தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் தேதி எடுப்பதாக இருந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டி நின்றால், தேர்வு மையத்தில் அதற்கு விலக்கு எதுவும் கிடையாது.